வானத்துக்கும் வேலி உண்டு

மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ 2017-ல் வந்தபோது, அந்தக் காதல் சரியா தப்பா என்று ஊரே இரண்டு கட்சியாகி சண்டை போட்டது. அதை விடுங்கள். என் வழக்கு வேறு. படத்தில் போர் விமானம் இருக்கிறது. விமானப் போர் இல்லை.

கதை நடப்பது 1999 கார்கில் சமயத்தில். படப்பிடிப்பில் ஒரு பகுதி நம்ம ஊட்டி, குன்னூர் பக்கம். விமானி கார்த்தி சுடப்பட்டு, ராவல்பிண்டி சிறையில் கிடந்து, இரண்டு பேரோடு தப்பிக்கிறார். பார்க்க விறுவிறுப்புதான். ஆனால், ராவல்பிண்டி முகாமிலிருந்து மூன்று இந்திய விமானிகள் நிஜமாகவே தப்பியது 1972 ஆகஸ்டில். 1971 போரில் பிடிபட்டவர்கள் அவர்கள். கார்கிலில் பிடிபட்ட நச்சிகேதாவை சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள்.

கதைக்குக் கடன் வாங்கலாம், தப்பில்லை. ஆனாலும் பி.காம். படித்த புத்தி, 1971 வரவை 1999 கணக்கில் எழுதினால் உறுத்துகிறது. இரண்டும் வேறு வேறு வானம், சார்!

1962 சீனப் போரில் நம் போர் விமானங்களைத் தாக்குதலுக்கு அனுப்பவே இல்லை. 1971-ல் டாக்கா கவர்னர் மாளிகை வரை போய்க் குண்டு போட்டார்கள். 1999-ல் பறக்கலாம், ஆனால் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. மே 27, 28 என்று இரண்டே நாளில் இரண்டு ஜெட் விமானங்களும் ஒரு ஹெலிகாப்டரும் போயின. பிறகு தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு எட்டாத உயரத்துக்குப் போனார்கள். மிராஜ் விமானங்கள் லேசர் குண்டுகளோடு வந்தன. 2025 மே மாதம் பார்த்தோமே, இரு தரப்பு விமானங்களும் எல்லை தாண்டாமலே மோதிக்கொண்டன. ஏவுகணையும் ட்ரோனும்தான் தாண்டின.

இப்போது கார்த்தியின் பாத்திரத்தை யோசியுங்கள். யார் பேச்சையும் கேட்காதவன், காதலியிடம் சதா கோடு தாண்டுகிறவன். அவனைக் கொண்டுபோய், ஒரு கோட்டைத் தாண்டாமலிருப்பதே கடமை என்ற போரில் நிறுத்தியிருக்கலாமே! எப்பேர்ப்பட்ட நாடகம்! கையில் இருந்ததை விட்டுவிட்டு ஜெயில் சாகசத்துக்குப் போய்விட்டார் இயக்குநர்.

குன்னூரை ஒட்டித்தான் வெலிங்டன். முப்படை அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து போரைப் பாடமாகப் படிக்கும் கல்லூரி அங்கே இருக்கிறது. நம் சினிமா கேமராவோ தேயிலைத் தோட்டத்தோடு திரும்பி வந்துவிடுகிறது. அடுத்த தடவை இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கட்டும்.