பாண்டு மொழிகளின் தொடரமைப்பும் திராவிட உறவுக் கொள்கையும்

திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் தொன்மையான உறவு உண்டு என்னும் கருத்து தமிழாய்வுலகிற்குப் புதிதன்று. செனகல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் செங்கோர் 1974இல் சென்னையில் ஆற்றிய உரையும், டக்கரில் பணியாற்றிய க. ப. அறவாணன் முதலியோரின் ஒப்பாய்வுகளும் அதற்கு வலுவூட்டின. சொல்லொப்புமையும் ஒட்டுநிலை அமைப்புமே இக்கொள்கையினர் பெரிதும் காட்டும் சான்றுகள். செனகலின் வொலோப் மொழியும் பாண்டு மொழிகளும் நைகர்-காங்கோ என்னும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. ஆதலின் பாண்டுத் தொடரமைப்பு இக்கொள்கைக்கு ஏற்ற உரைகல்லாகும்.

பாண்டு மொழிகளுள் ஒன்றான சுவாகிலியில் 'ம்தோத்தோ ம்தோகோ அனசோமா கிதாபு' என்பது ஒரு தொடர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'குழந்தை சிறிய படிக்கிறது நூல்' என்றாகும். அடை பெயருக்குப் பின்னும், செயப்படுபொருள் வினைக்குப் பின்னும் நிற்கின்றன. வினையின் உள்ளமைப்பும் அவ்வாறே. 'படிக்கிறது' என்பதில் பகுதி, இடைநிலை, விகுதி என்பது முறை. 'அனசோமா' என்பதிலோ இடங்காட்டும் 'அ', காலங்காட்டும் 'ன', பகுதியாகிய 'சோமா' என்பது முறை. இரண்டும் ஒட்டுநிலை மொழிகளே. ஒட்டும் திசை நேர்மாறானது. மேலும், பன்மையில் 'வதோத்தோ வதோகோ' எனப் பெயரின் முன்னொட்டு அடையிலும் மாறி வரும். தமிழ்ப் பெயரடை அவ்வாறு மாறுவதில்லை. துருக்கியும் சப்பானியமும் ஒட்டுநிலை மொழிகளாயிருக்க, அப்பண்பு ஒன்றே உறவை நிறுவாது.

எனினும், சொல்முறை வேறுபாடு மட்டுமே உறவை மறுக்கப் போதுமா என்னும் வினா எழும். போதாது. மொசாம்பிக்கு முதலிய கரைகளிலிருந்து போர்த்துக்கீசியர் அடிமைகளாகக் கொணர்ந்த ஆப்பிரிக்கரின் நினைவை மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பன் வழிபாடு இன்றும் காத்து வருகிறது. அவர்தம் தாய்மொழி அங்கு எஞ்சவில்லை. இலங்கையின் புத்தளத்தில் வாழும் ஆப்பிரிக்க மரபினர் வழங்கிவந்ததும் போர்த்துக்கீசியக் கலப்புமொழியே. அம்மொழியில் வினை இறுதியில் நிற்கும். போர்த்துக்கீசியத்தில் பெயருக்கு முன் வரும் 'பாரா' என்னும் சொல், இதில் 'ப' எனக் குறுகிப் பெயரின் பின் ஒட்டி, நான்காம் வேற்றுமை உருபுபோல் இயங்குகிறது. இது தமிழ், சிங்களத் தொடர்பால் நேர்ந்த மாற்றம்.

எனவே சொல்முறை ஒத்திருப்பது பிறப்புறவுக்குச் சான்றாகாது. வேறுபடுவது அதனை முற்றாக மறுப்பதுமாகாது. முறையான ஒலியொப்புமைகளே உறவை நிறுவவல்லன. அவை காட்டப்படும்வரை ஆப்பிரிக்க-திராவிட உறவு கருதுகோளாகவே நிற்கும். மட்டாஞ்சேரியும் புத்தளமும் காட்டும் தொடர்போ, அடிமை வாணிகத்தால் நிகழ்ந்த வரலாறு. தொன்மை உறவைத் தேடும் ஆர்வத்தில், அண்மை நூற்றாண்டுகளில் தம் மொழியை இழந்த இம்மக்களின் வரலாற்றை ஆய்வுலகம் புறக்கணித்தல் தகாது.