வரவு வைக்கப்படாத கடிதங்கள்
மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் முறையீடுகளைப் பற்றி ஒரு வாசிப்பு

மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1861-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். முப்பது ஆண்டுகளாக ஆங்கிலேயர் கையில் இருக்கும் என் ராஜ்யத்தை என்னிடம் திருப்பிக் கொடுங்கள் என்பதே அதன் சாரம். இதைப் பற்றி எழுதியவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார், பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த கிழவரின் புலம்பல் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். மற்றொரு சாரார், மேஜர் இவான்ஸ் பெல் 1865-இல் எழுதிய நூலைப் பின்பற்றி, இதைச் சட்ட வழக்காக மட்டும் வாதிடுகிறார்கள். எழுத்து என்ற முறையில் இக்கடிதங்களின் தரம் என்ன, பலம் எது, பலவீனம் எது என்று பார்ப்பவர் குறைவு. அதைத்தான் இங்கே செய்து பார்க்கிறேன்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன் இல்லை. அவென்யூ சாலையில் காகிதமும் கணக்குப் புத்தகமும் விற்கிற வியாபாரி. கடை அடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் படித்ததுதான் என் படிப்பு. ஆனால் ஒரு வித்தையில் எனக்குப் பழக்கம் உண்டு. பாக்கி கேட்டுக் கடிதம் எழுதுவது! ரொம்பப் பணிந்து எழுதினால் தூக்கிப் போட்டுவிடுவான்; அதட்டி எழுதினால் அடுத்த வியாபாரம் போய்விடும். உடையாரின் கடிதத்தை முதன்முறை படித்தபோது, இது மனு இல்லை, பாக்கிக் கடிதம் என்றே எனக்குப் பட்டது. கடன் கொடுத்தவர் கடன்பட்டவரைப் போலப் பேச வேண்டிய நிலை. அந்த இக்கட்டில்தான் இதன் சுவையே இருக்கிறது.

வாசக அன்பர்களுக்குப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் ஆங்கிலேயர் ஐந்து வயதுப் பிள்ளையான கிருஷ்ணராஜரை அரியணையில் அமர்த்தினர். அதே ஆண்டு செய்த உடன்படிக்கைப்படி மைசூர் வருஷத்துக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன், ரூபாய்க் கணக்கில் இருபத்துநாலரை லட்சம், கப்பம் கட்ட வேண்டும். அந்தப் பணம் வராமல் போகும் என்ற அச்சம் ஏற்பட்டால் கும்பினியே நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து. 1830-இல் நகர் சீமையில் குடிகள் வரி கட்ட மறுத்துக் கூட்டம் கூட்டமாகத் திரண்டனர். 1831 அக்டோபரில் பெண்டிங்க் பிரபு அந்த ஷரத்தைக் காட்டி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார். மன்னருக்கு வருஷம் ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் என்று ஏற்பாடு. 1834 முதல் 1861 வரை கமிஷனராக இருந்த மார்க் கப்பன் பெங்களூரில் இருந்துகொண்டு ஆண்டார். இன்று நாம் நடைபயிலும் கப்பன் பூங்கா அவர் பேரில்தான்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். இதன் முதல் பலம் அதன் கணக்கு. மன்னர் தன் குலப் பெருமையை மட்டும் நம்பி எழுதவில்லை. உடன்படிக்கையை எடுத்து வைக்கிறார். கைப்பற்றியது தற்காலிகம் என்ற அடிப்படையில்தானே என்று கேட்கிறார். 1857 கலகத்தில் தான் ஆங்கிலேயர் பக்கம் உறுதியாக நின்றதையும், அதைக் கானிங் பாராட்டியதையும் நினைவூட்டுகிறார். நல்ல பேரேட்டில் இருப்பது போல் ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. கப்பம் பாக்கி விழும் என்று சொல்லித்தான் 1831-இல் நாட்டை எடுத்தார்கள். ஆனால் கப்பத்துக்கு உடனடி ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை என்று பெண்டிங்க்கே 1834-இல் லண்டனுக்கு எழுதினார். எதிராளியின் கணக்குப் புத்தகமே தன் பக்கம் சாட்சி சொன்னால், வியாபாரி வேறென்ன கேட்பான்?

இரண்டாவது பலம், நேரம் பார்த்து எழுதியது. கப்பன் உடல்நலம் குன்றி வேலையை விட்டுப் போகிற தருணம் அது. அந்த ஏப்ரலிலேயே சூயஸில் அவர் காலமானார். முந்தைய ஆண்டில், மைசூரைச் சென்னை அரசாங்கத்தின் மேற்பார்வைக்கு மாற்ற லண்டனிலிருந்து உத்தரவு வந்தபோதும் மன்னர் எதிர்த்து எழுதினார். கப்பனும் ராஜினாமா கொடுத்தார். கானிங் உத்தரவை நிறுத்தி வைத்தார். தமிழர்களாகிய நாம் இதைப் படித்து வருத்தப்பட ஒன்றுமில்லை. சென்னையின் மீது அவருக்கு வெறுப்பில்லை. கவர்னர் ஜெனரலோடு நேரே கடிதம் எழுதிய நான் இனி ஒரு மாகாண கவர்னருக்கு எழுதுவதா என்பதே கேள்வி. யாருக்கு எழுதுகிறோம் என்பதிலேயே எழுதுகிறவனின் அந்தஸ்து இருக்கிறது. பட்டுப் பையில் முத்திரையிட்டுப் போகும் கரீதா வேறு, கச்சேரி வாசலில் நீட்டும் அர்ஜி வேறு. அந்த 1860-ஆம் ஆண்டு முறையீடு பலித்தது. 1861-ஆம் ஆண்டு முறையீடு பலிக்கவில்லை.

பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1862 மார்ச் 11 தேதியிட்டுக் கானிங் மறுத்து எழுதினார். அந்த மாதமே பதவியை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியும் விட்டார். கடையை மூடுகிற அன்று சாயங்காலம் பாக்கிக்கு 'இல்லை' என்று எழுதி வைத்துவிட்டுப் போகிற முதலாளியை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவரிடம் கேட்டால், அது முந்தியே முடிந்த விவகாரம் என்பார். அப்படியே நடந்தது. மன்னர் கானிங்கின் பதிலுக்கு மறுப்பு எழுதினார். இந்திய மந்திரி சார்லஸ் வுட்டும் 1863-இல் கைவிரித்தார்.

இந்த ஆங்கிலம் யாருடையது என்ற கேள்வி நியாயமானது. வரைவு எழுதிய கை வேறாக இருக்க இடமுண்டு. ஆனால் இதை வைத்துக் கடிதங்களைக் குறைத்து மதிப்பது சரியல்ல. 'ஸ்ரீதத்வநிதி' மன்னர் பேரில் வழங்குகிறது; அரண்மனைப் பண்டிதர்களின் உழைப்பு அதில் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. எழுதினவன் யார் என்பதைவிட, கையெழுத்துப் போட்டவன் எதற்குக் கட்டுப்பட்டான் என்பதே கடிதத்தில் முக்கியம்.

பலவீனத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நகர் குடிகள் ஏன் திரண்டார்கள்? அந்நாளில் ஷர்த்து முறை என்று ஒன்று. இவ்வளவு தொகை கட்டாயம் தருகிறேன் என்று அமில்தார் எழுதிக்கொடுத்துத் தாலுகாவை எடுப்பார். குறைந்தால் தன் பொறுப்பு, மிஞ்சினால் எங்கே போகும் என்று நமக்குத் தெரியாதா! அடிபட்டவன் ரயத்து. அவனும் குறை சொன்னான், கூட்டம் போட்டான், கடைசியில் பூதி பசவப்பா என்பவர் நகர் வம்சத்து வாரிசு நானே என்று கிளம்பியபோது பலர் அவர் பின்னால் போனார்கள். 1833-இல் நால்வர் கொண்ட விசாரணைக் குழு கலகத்தின் காரணங்களை எழுதி வைத்தது. ஆனால் ரயத்தின் குறை அவன் சொல்லிலேயே மன்னரின் முறையீடுகளில் வருவதில்லை. உரிமை என்ற பத்தியில் எல்லா வரவும் இருக்கிறது. குடிகள் என்ற பத்தி மெலிந்து கிடக்கிறது. குடிகளின் நன்மையைச் சொல்லித்தான் ஆங்கிலேயர் அவரை மறுத்தார்கள். அவர்கள் அக்கறை எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். அந்த இடத்தைக் காலியாக விட்டதால் எதிராளி அதில் உட்கார்ந்துகொண்டார். வாதத்தில் மன்னர் தோற்றதாக நான் நினைக்கவில்லை, ஆனால் அங்கேதான் கடிதம் ஓட்டை.

இதே ஆண்டுகளில் கடல் கடந்து அமெரிக்காவில் வேறு மாதிரிக் கடிதங்கள் எழுதப்பட்டன. அங்கே 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து தென் மாநிலங்களை மறுபடி கட்டியமைத்த காலம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், கூலி தரவில்லை, இரவில் வந்து அடிக்கிறார்கள் என்று மாநில கவர்னர்களுக்கு எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் யாரையாவது எழுதச் சொல்லிப் பெருக்கல் குறி போட்டார்கள். மிசிசிப்பி கவர்னர் ஏம்ஸ் 1875-இல் ராணுவ உதவி கேட்டுத் தானே வாஷிங்டனுக்கு எழுதி, கிடைக்காமல், மறு ஆண்டு பதவியை விட்டுப் போனார். மனு வாங்குகிறவனே மனுப் போட வேண்டி வந்தது. அங்கே ரயத்தின் குரல் ஏட்டில் இருக்கிறது; நகர் ரயத்தின் குரல் குழுவின் அறிக்கை வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. கன்னடக் கைப்பிரதிகளைத் தேடுகிற இளைஞர்கள் இங்கே வேலை செய்யலாம்.

இந்தப் பகுதியில் குடிகளின் முறையீடு நிலைத்து நின்ற பழைய உதாரணம் ஒன்று உண்டு. எங்கள் சமணர்களைப் பற்றியது என்பதால் மட்டும் சொல்லவில்லை. 1368-இல் ஆனேகொந்தி, பெனுகொண்டா முதலிய ஊர்ச் சமணர்கள், வைணவர்களால் அநியாயம் நடக்கிறது என்று புக்கராயரிடம் முறையிட்டார்கள். அரசர் சமணர் கையைப் பிடித்து வைணவர் கையில் கொடுத்து, இரு தரிசனத்துக்கும் பேதமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். சிரவணபெளகுளத்தில் கல்லில் அது இருக்கிறது. மாகடி அருகே கல்யாவிலும் ஒரு பிரதி. கோயில், திருமலை, பெருமாள்கோயில், திருநாராயணபுரம் என்று ஸ்ரீவைஷ்ணவத் தலங்களின் பெயர்கள் அதில் வருகின்றன. கன்னடக் கல்லில் நம் தமிழ்ப் பெயர்கள்! வீட்டுக்கு ஒரு பணம் வீதம் வசூலித்துக் காவலுக்கும், மிச்சத்தைப் பழுதான பஸதிகளுக்குச் சுண்ணாம்படிக்கவும் என்று செலவுக் கணக்கு உட்பட எழுதியிருக்கிறது. யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது, எந்தப் பணத்தில் என்ற நான்கும் ஒரே இடத்தில். உடையார் கடிதங்களில் முதல் இரண்டுதான் உண்டு.

கதையின் மிச்சம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 1865 ஜூனில் மன்னர் இரண்டு வயதுக் குழந்தை சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். அதையும் ஏற்க மாட்டோம் என்றார்கள். மறுபடி கடிதங்கள். 1867 ஏப்ரலில் இந்திய மந்திரி நார்த்கோட் தத்துப்பிள்ளையை அங்கீகரித்தார். தனக்குக் கேட்டது கிடைக்கவில்லை, பிள்ளைக்குக் கிடைத்தது. 1868 மார்ச் 27-இல் மன்னர் மறைந்தார். ராஜ்யம் கைமாறியது 1881 மார்ச் 25-இல். செங்கற்பட்டுப் பக்கத்துத் தமிழ் மண்ணிலிருந்து வந்த ரங்காசார்லு முதல் திவான். ஆனால் அசல் திரும்பியபோது வட்டியும் ஏறியது: இருபத்துநாலரை லட்சமாக இருந்த கப்பம் 35 லட்சம் என்று புதுப் பத்திரத்தில் எழுதினார்கள். பஞ்சம் வந்து மெலிந்த நாடு என்பதால் உடனே வசூலிக்கவில்லை.

ஒரு துண்டை மட்டும் தரவில்லை. நம் முன்னோர் பெருவாரியாகக் குடியிருந்த தண்டுப் பகுதி, அதாவது கன்டோன்மென்ட், 1947 வரை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. அல்சூர்வாசியும் சிவாஜிநகர்வாசியும் குறை சொல்ல வேண்டுமானால் மைசூர் திவானுக்கு எழுதிப் பயனில்லை, ரெசிடென்டின் ஆட்சிக்குத்தான் எழுத வேண்டும். அந்த மனுக்களில் தமிழில் எழுதியவை, அல்லது அவற்றின் நகல்கள், நம் குடும்பங்களில் பழைய பெட்டிகளில் கிடக்கலாம். யாரிடமாவது இருந்தால் கரையானுக்குக் கொடுக்காமல் ஒரு படி எடுத்துச் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை, படித்துக் கொடுக்க நான் இருக்கிறேன்.