தோப்புக்குள் தொலைந்த தேவி

பழைய தமிழ் வேதாகமத்தில் யோசியா ராஜாவின் கதையைப் படித்தவர்களுக்குத் ‘தோப்பு விக்கிரகம்’ என்ற சொல் ஞாபகம் இருக்கலாம். எருசலேம் ஆலயத்துக்குள் இருந்த அதை வெளியே கொண்டுபோய்க் கீதரோன் ஆற்றருகே எரிக்கிறார்கள். தோப்பை எப்படிக் கோயிலுக்குள் வைத்தார்கள் என்று நானும் குழம்பியிருக்கிறேன். எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது அஷேரா. ஒரு தேவியின் பெயர். அவளுக்கு நட்ட மரத்தூணுக்கும் அதே பெயர்தான். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அதைத் தோப்பு என்றார்கள். லத்தீனும் ஆங்கிலமும் அதையே பின்பற்றின. தமிழுக்கு வரும்போது தேவி மொத்தமாகக் காணாமல் போயிருந்தாள்.

மார்கரெட் பார்க்கரின் ‘டெம்பிள் தியாலஜி’ (2004) அவளைத் தேடிப்போகும் சின்னப் புத்தகம். பார்க்கர் இங்கிலாந்துக்காரர், மெதடிஸ்ட் பிரசங்கியார், பல்கலைக்கழகப் பதவி இல்லாமல் தனியாக ஆய்வு செய்தவர். அவர் சொல்வது இதுதான்: கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் யோசியா செய்தது சீர்திருத்தம் இல்லை, இடிப்பு. தேவி, தேவதூதர்கள், திரைக்குப் பின்னால் பரலோகத்துக்கே ஏறிப்போகும் பிரதான ஆசாரியன் என்றிருந்த பழைய ஆலய மதம் துரத்தப்பட்டது. துரத்தப்பட்டவர்கள் அதை ரகசியமாகக் காத்தார்கள். கிறிஸ்தவம் அதன் மறுவருகை.

எபிரெயர் நிருபத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் இந்தக் கண்ணாடியோடு படித்தால் நிஜமாகவே சிலிர்க்கிறது. புதிராக மட்டும் தெரிந்த காட்சிகள் ஒரு பூசையின் படிகளாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. புத்தகத்தின் பலம் அங்கே.

மார்மன்கள் பார்க்கரைக் கொண்டாடுவதில் ஆச்சரியமில்லை. மார்மன் புத்தகமே சுமார் கி.மு. 600-ல், யோசியா செத்துச் சில வருடங்களில், லேகி என்பவர் எருசலேமைவிட்டுக் கிளம்புவதோடுதான் தொடங்குகிறது. அவர் கனவில் வெள்ளைக் கனி தரும் மரம் வருகிறது. 2005-ல் வாஷிங்டனில் ஜோசப் ஸ்மித் பற்றி நடந்த கருத்தரங்கில் பார்க்கரே இந்த ஒற்றுமையைப் பேசினார், அவர் மார்மன் இல்லை என்றாலும்.

ஆனால் இரண்டு கதைகளும் ஒன்றல்ல. மார்மன் கதையில் உண்மை தொலைந்துபோய், 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெளிப்பாடாகத் திரும்ப வருகிறது. நம்பலாம், நம்பாமல் போகலாம். (ஸ்மித் 1842 மார்ச்சில் ஃப்ரீமேசன் ஆனார், மே மாதம் தன் கடை மாடியில் ஆலயச் சடங்கை நடத்தினார். நம்பாதவர்கள் இந்த இரண்டு மாதத்தைத்தான் காட்டுவார்கள்.) பார்க்கர் கதையில் அறுநூறு வருடம் மனிதர்களே அதைச் சுமக்க வேண்டும். யார் சுமந்தார்கள்? ஏனோக்கு நூல் மாதிரிச் சில பிரதிகளைக் காட்டுகிறார். மிச்ச இடங்களில், ஆதாரம் இல்லாததே ரகசியத்துக்கு ஆதாரம். லாக் ஃபைலில் ஒன்றும் இல்லை, அதனால் யாரோ அழித்துவிட்டார்கள் என்று ஆபீஸில் வாதாடினால் நானே ஒத்துக்கொள்ள மாட்டேன். அஷேராவைத் தோப்பாக்கியதற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லையே.

நான்காம் நூற்றாண்டு பசீலைக் கவனியுங்கள். எழுதப்படாத மரபு என்று அவர் சொல்லும் உதாரணங்கள் சிலுவை அடையாளம் போடுவது, கிழக்கு நோக்கி ஜெபிப்பது. எல்லாரும் கண்ணால் பார்க்கிற காரியங்கள். எருசலேம் சிரிலின் பெயரில் உள்ள உரைகளிலும் ஞானஸ்நானம் வாங்கிய பிறகு எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார்கள். அங்கே ரகசியம் என்றால் கொஞ்ச நாள் காத்திருப்பு, அவ்வளவுதான்.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. பார்க்கரின் வில்லன் யோசியா, கிடைத்த நியாயப்பிரமாணப் புத்தகத்தைச் சிறியோர் பெரியோர் எல்லார் காதிலும் விழும்படி உரக்க வாசிக்க வைத்த ராஜா. அதே கையோடு பூசாரிகளைக் கொன்றதும் அவன்தான்; அவனை நல்லவனாக்க எனக்கு ஆசையில்லை. ஆனாலும் திரைக்கு உள்ளே நடந்ததற்காக இவ்வளவு ஏங்கும் புத்தகத்தில், திரைக்கு வெளியே நின்றவர்கள் ஏன் ஒரு பக்கம்கூட வரவில்லை?

மார்மன் ஆலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அமெரிக்காவில் முதலில் வெளியே கல்யாணம் செய்த ஜோடிகள் ஆலயச் சடங்குக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அதனால் பலர் நேரே ஆலயத்திலேயே மணந்தார்கள். சீட்டு இல்லாத அப்பா அம்மாக்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். சபை அந்த விதியை நீக்கியது 2019 மே மாதத்தில்.