விருந்துச் சோறும் விலைச் சோறும்

தமிழிலக்கியத்தில் உணவு பற்றி எழுதப் புகுவோர் விருந்தோம்பலிலே தொடங்கி விருந்தோம்பலிலே முடித்துவிடுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. திருவள்ளுவர் இல்லறவியலில் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தமையும், பாணரும் பொருநரும் புரவலரிடம் பெற்ற பெருவிருந்துகளும், மணிமேகலை ஏந்திய அமுதசுரபியும் தவறாது எடுத்துக்காட்டப்பெறும். இவை நமக்குப் பெருமை தருவனவே. எனினும், இன்று ஊர்விட்டு ஊர் செல்லும் ஒருவனுக்கு நண்பகலிற் சோறிடுவது எது என வினவின் விடை வேறாகின்றது. பேருந்து நிலையத்தருகே பலகை தூக்கிய சாப்பாட்டுக்கடையே அவனுக்குச் சோறிடுகின்றது. அது விருந்துச் சோறன்று, விலைச் சோறு. இவ்விலைச் சோற்றைத் தமிழிலக்கியம் எவ்வாறு நோக்கியது, அந்நோக்கு போதியதா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது வெறும் பழம்பொருளாராய்ச்சி அன்று என்பதை இறுதியில் வரும் அம்பாறை நிகழ்ச்சி உணர்த்தும்.

முதற்கண் சொல்லொன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். நமது நாட்டுப்புறங்களில் 'ஹோட்டல்' என்பது தங்குமிடத்தைக் குறிப்பதில்லை, உண்ணுமிடத்தையே குறிக்கும். தங்கி உண்பதற்கு இருந்தவை வாடிவீடுகள். அவை சுற்றுப்பயணம் செல்லும் அரச உத்தியோகத்தரை முதன்மையாகக் கருதி அமைந்தவை. எளிய வழிப்போக்கனுக்கு மடமும் பள்ளிவாசலும் உறவினர் வீட்டுத் திண்ணையுமே கதியாயின. நெடுஞ்சாலையும் பேருந்தும் பெருகிய பின்னரே சாப்பாட்டுக்கடை ஊர்தோறும் வேரூன்றியது. ஆகவே, அது நமது வாழ்வில் ஒப்பீட்டளவிற் புதிய நிறுவனமாகும்.

வழியில் உண்ணுதலைப் பாடுபொருளாக்கிய தொன்மையான இலக்கிய வகை ஆற்றுப்படை. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழியில் நெய்தல் நிலத்து மீனும், முல்லை நிலத்துப் புளிச்சோறும், மருத நிலத்து வெண்சோறும் நண்டுக் கலவையும் காத்திருக்கின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் எயினர், இடையர், உழவர், வலைஞர், அந்தணர் எனக் குடிதோறும் உணவு வேறுபடுகின்றது. உணவைக் கொண்டே நிலத்தையும் தொழிலையும் அடையாளங்காட்டும் இம்முறை வியக்கத்தக்கது. ஆயின், இவ்வழி முழுவதிலும் எங்கும் விலை பேசப்படுவதில்லை. உண்பவன் பாணன், அவன் யார் என்பது இடுவோருக்குத் தெரியும். கலையைச் சுமந்து வருபவன் என்ற தகுதி அவனுக்கு உண்டு. அடையாளம் ஏதுமற்ற வெறும் வழிப்போக்கனை ஆற்றுப்படை அறியாது.

அதே உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் நகரத்தைப் பாடும்போது காட்சி மாறுகின்றது. அறச்சாலைகளிற் சோறு வடித்த கஞ்சி ஆறாய் ஓடுவதை அவர் விரித்துப் பாடுகின்றார். கள் விற்கும் மனையின் முற்றத்தில் மீனும் ஊனும் பொரிபடும் ஓசையையும் உடன் குறிக்கின்றார். முன்னதற்குக் கிடைத்த பெருமிதம் பின்னதற்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் காது அதனைக் கேட்டது. சிலப்பதிகாரத்திலும் மருவூர்ப்பாக்கத்து வாணிகரின் வரிசையிற் பிட்டும் அப்பமும் விற்போர் இடம்பெறுகின்றனர். பெயர்கள் உள; முகங்கள் இல. நகரத்தின் வளத்தைக் காட்டும் பட்டியலில் அவர்கள் ஓர் உறுப்பு மட்டுமே. வாங்கி உண்டவன் பசியாறினானா, விற்றவள் நெஞ்சில் என்ன இருந்தது என்பன பாடப்படவில்லை.

இந்த இடத்தில் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு தனிக் கவனத்திற்குரியது. வற்றாத பாத்திரம் பெற்று மதுரையில் ஏழைகளுக்கு உணவிட்டு வந்தவன் அவன். இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டை வளப்படுத்தவே, அவனிடம் வந்து உண்போர் இல்லாதொழிந்தனர். உண்பாரைத் தேடிச் சாவகம் செல்லக் கப்பலேறியவன் மணிபல்லவத்திலே தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர் நீத்தான். ஈகையை உச்சத்தில் வைத்துப் பாடிய காப்பியமே, ஈவோனின் பெருமை ஏற்போனின் வறுமையைச் சார்ந்து நிற்பது என்ற உண்மையையும் நமக்குக் காட்டிவிடுகின்றது. விருந்துச் சோற்றில் இடுவோன் உயர்ந்தும் ஏற்போன் தாழ்ந்தும் நிற்பதற்கு எப்போதும் இடமுண்டு. விலைச் சோற்றிலோ, காசை வைத்தவன் தலைகுனிய வேண்டியதில்லை. இச்சமத்துவத்தை நமது அறநூல்கள் ஓர் அறமாக எண்ணிப் பார்க்கவில்லை.

நவீன இலக்கியம் கடையினுள் நுழைந்தபோது முதலிற் கண்டது ஐயத்தையே. 1940களில் வெளியான புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற சிறுகதையிற் சென்னை வந்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை காப்பி குடிக்க ஹோட்டலுக்கு அழைத்துச் செல்கின்றார். காப்பியின் சுவையைத் தமது திருவிளையாடலாகக் கருதும் கடவுளுக்கு, அது சிக்கரித்தூளின் வேலை என்று விளக்கப்படுகின்றது. நகைச்சுவைக்குள் ஒரு கூரிய நோக்கு இருக்கின்றது. காணாத அடுக்களையில் முன்பின் அறியாத கை கலந்ததை நம்பி வாய்க்குள் இடுதலே கடையில் உண்ணல். படைத்தவனுக்கே அங்கு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. விருந்தில் எழாத வினா கடையில் எழுகின்றது; அதற்கு ஆதாரம் நம்பிக்கை ஒன்றே.

ஈழத்து எழுத்து கண்டது ஐயத்தை அன்று, கதவடைப்பை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே அமர விடப்படவில்லை. அவர்களுக்குப் போத்தலிலும் தகரப்பேணியிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுக்கப்பட்டது. கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. அதே ஆண்டிற் சென்னைத் திருவல்லிக்கேணியில், உணவுச்சாலைப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கக் கோரிப் பெரியாரின் இயக்கம் மறியல் நடத்தியது. சட்டம் இருந்தும் யாழ்ப்பாணத்தில் நிலைமை மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஊர்வலத்தின் பின்னரே, சங்கானை முதலிய இடங்களில் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களால் அக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவ்வியக்கத்தில் நேரடியாகப் பங்குகொண்ட கே. டானியல் இக்காலப் போராட்டங்களைப் பகைப்புலமாகக் கொண்டு எழுதிய 'பஞ்சமர்' 1972 இல் வெளிவரத் தொடங்கியது.

இங்கு ஒரு முக்கிய வேறுபாட்டை நாம் மனங்கொள்ளல் வேண்டும். ஒருவன் தன் வீட்டுக்கு யாரை அழைப்பது என்பதில் தன் விருப்பைக் காட்டலாம். கடை அவ்வாறன்று. காசு கொடுப்பவன் எவனாயினும் ஒரே குவளையிற் குடிக்க வேண்டும் என்ற நியாயம் கடையின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. ஒடுக்கப்பட்டோர் அந்த இளைஞர்கள் கேட்டது விருந்தன்று. விலைக்கு வாங்கும் உரிமை. விலைச் சோற்றின் அறத்தை நமது மொழியில் முதன்முதல் உரத்துச் சொன்னவர்கள் அவர்களே எனலாம். ஆயினும் போராட்ட இலக்கியத்திற் கடை வெல்லப்பட வேண்டிய அரணாக நின்றது. வென்று உள்ளே நுழைந்தவன் மறுநாட்காலை அதே வாங்கில் அமர்ந்து யாரோடு என்ன பேசினான் என்பதை எழுதும் பணி எஞ்சியே இருக்கின்றது.

அண்மைக்காலத்தில் இப்பொருளிற் பெரிதும் வாசிக்கப்பட்ட படைப்பு ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு'. 2011 இல் வெளிவந்த 'அறம்' தொகுதியில் இது இடம்பெற்றது. திருவனந்தபுரத்திற் கெத்தேல் சாகிபு நடத்தும் உணவுக்கடையில் யாரும் பணம் கேட்பதில்லை. உண்டியல் ஒன்று இருக்கும். விரும்பியவர் விரும்பியதை இடலாம். உறவினர் வீட்டில் ஒவ்வொரு கவளத்துக்கும் அவமானப்பட்ட ஏழை மாணவன் அங்கு வயிறார உண்கின்றான். பின்னாளில் உழைத்துச் சேர்த்த பணத்தை உண்டியலில் இட்டு நிரப்பும்போது, சாகிபின் முகத்தில் எவ்வித மாற்றமும் இல்லை. உறவின் சோற்றிலும் அந்நியனின் சோறு உயர்ந்து நிற்கலாம் என்பதை இதைவிட வலுவாகச் சொன்ன தமிழ்க் கதையை நானறியேன். பெரும்பாலும் இந்துக்களே வாசிக்கும் ஒரு சூழலில் முஸ்லிம் ஒருவரின் கையை அன்னையின் கையாகக் காட்டியமையும் சிறிய செயலன்று.

இருந்தபோதிலும், விமரிசன நோக்கில் ஒன்றைக் கூறாதிருக்க இயலாது. இக்கதை உணவுக்கடையைப் போற்றுவதற்கு முன்னர் அதிலிருந்து விலையை அகற்றிவிடுகின்றது. சாகிபின் கடை, கடை என்ற நிலையைக் கடந்து மீண்டும் அறச்சாலையாகிறது. உண்டியல் மீண்டும் அமுதசுரபியாகின்றது. ஈராயிரம் ஆண்டு மரபின் ஈர்ப்பு அத்துணை வலியது. கெத்தேல் சாகிபுகள் அரியர். நியாய விலைக்கு நல்ல சோறிட்டு, வயல் வேலை செய்பவனுக்கு அறுவடை முடியும்வரை கொப்பியிற் கடன் எழுதி, மாலையிற் கணக்குப் பார்த்துக் கடை பூட்டும் சாதாரண முதலாளி ஊர்தோறும் இருக்கின்றார். அவரைப் போற்ற நமது இலக்கியத்துக்கு இன்னும் சொல் வாய்க்கவில்லை.

அச்சொல்லின் தேவை வேறெங்கிலும் கிழக்குக் கரையில் மிகுதி. ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். முன்னதில் தமிழரும் பின்னதில் முஸ்லிம்களும் பெரும்பான்மையினர். இரு சாராரின் மொழியும் தமிழே. தாய்வழிக் குடிமுறையும் இரு சாராரிடத்தும் உண்டு. இப்பகுதியில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இவ்வொப்புமைகளையும் இடைவெளிகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். இத்துணை நெருக்கமிருந்தும் வீட்டு விருந்து இவர்களை இணைப்பதில் ஓர் எல்லை உண்டு. ஹலால் முறை வழுவாத இறைச்சியே முஸ்லிமுக்கு ஆகும்; விரத நாளில் மச்சம் புழங்கிய வீட்டில் உண்ணச் சைவர் தயங்குவர். வீடு தயங்குமிடத்திற் கடை தயங்குவதில்லை. முஸ்லிம் கடையிற் கொத்துரொட்டியும் இறைச்சிக்கறியும் உண்ணும் தமிழரையும், சைவக்கடையிற் தோசையும் வடையும் உண்ணும் முஸ்லிம்களையும் இக்கரை நெடுகிலும் காணலாம். இவர்கள் ஒருவருக்கொருவர் விருந்தினர் அல்லர். ஆயினும் ஒரே மேசையில் இருக்கின்றனர்.

இம்மேசை எளிதில் முறியக்கூடியது. 1985 ஏப்ரலிற் காரைதீவில் மூண்ட கலவரத்தின் பின்னரும், 1990 இன் கொடுமைகளின் பின்னரும், ஒரு சாரார் மறுசாராரின் கடைத்தெருவுக்குள் கால்வைக்க அஞ்சிய காலம் இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. அந்நாள்களில் எல்லாத் திசைகளிலிருந்தும் சோற்றுப் பொதிகள் வந்தன. பொதியைப் பிரித்தவர் அதைக் கட்டிய கை எவருடையது என்று ஆராய்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அதே மாவட்டத்தின் தலைநகரில் 2018 பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையிற் கறிக்குள் கிடந்த கட்டியொன்றைக் கண்ட வாடிக்கையாளர், மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்பட்டுள்ளது எனக் குற்றஞ்சாட்டினார். சிங்களம் நன்கறியாத கடைக்காரர் அச்சத்தினால் தடுமாறிச் சொன்ன சொற்கள் ஒப்புதலாகப் படம்பிடிக்கப்பட்டுப் பரப்பப்பட்டன. கூட்டம் கடைகளைத் தாக்கியது, பள்ளிவாசலையும் தாக்கியது. அவ்வாறான மாத்திரை எதுவும் உலகில் இல்லை என மருத்துவ அறிஞர் விளக்கினர். அக்கட்டி வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வும் காட்டிற்று. அதற்குள் தீ வேறிடங்களுக்குத் தாவியிருந்தது. வேறொரு நிகழ்வை முன்னிட்டுக் கண்டி மாவட்டத்தில் வன்செயல் மூண்டு, மார்ச் 6 இல் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

புதுமைப்பித்தனின் சிக்கரித்தூளும் அம்பாறையின் மாக்கட்டியும் ஒரே வினாவின் இரு வடிவங்கள்: இக்கோப்பையில் என்ன இருக்கின்றது? முன்னதில் வினவியவர் சிரித்துவிட்டுக் குடித்தார். பின்னதில் வினவியவர் குடிக்கவுமில்லை, விடைக்குக் காத்திருக்கவுமில்லை. காணாத அடுக்களை மீதான நம்பிக்கை எங்கு முறிகின்றதோ, அங்கு முதலில் எரிவது சாப்பாட்டுக்கடை. ஏனெனில் அந்நியர் அந்நியரை நம்பி அன்றாடம் வாய்திறக்கும் இடம் அதுவே.

ஆகவே, விருந்தோம்பலை மட்டும் அளவுகோலாகக் கொண்டு தமிழரின் உணவுப் பண்பாட்டை மதிப்பிடுதல் நிறைவானதன்று. விலைச் சோற்றுக்கும் ஓர் அறம் உண்டு. எவர்க்கும் ஒரே விலை, எவர்க்கும் ஒரே குவளை, உண்பவனின் குலத்தையும் மதத்தையும் கேளாமை ஆகியன விற்போனின் கடமைகள். ஆதாரமின்றி ஐயுறாமை உண்போனின் கடமை. இவ்வறத்தைப் பாடிய புலவர் நமக்கு இல்லை. ஆனால், நமது எழுத்தாளர் பிறந்த ஊர்கள் ஒவ்வொன்றிலும் இவ்வறத்தை நடத்திக் காட்டிய ஒரு கடையேனும் உண்டு. நமது மாணவர்கள் ஆற்றுப்படைகளைக் கற்கும் அதே அக்கறையுடன் அக்கடைகளின் வரலாற்றையும் கேட்டறிந்து எழுதுவார்களாயின், தமிழ் விமரிசனத்துக்கு மட்டுமன்றி இக்கரையின் வாழ்வுக்கும் அது பயன்படும்.