வந்தியத்தேவன் நின்ற கரையில்

வேன் சேத்தியாத்தோப்பைத் தாண்டிக் கரைச் சாலையில் ஏறியதும் வலதுபக்க ஜன்னலில் தண்ணீர் தெரிந்தது பாருங்கள், பதினான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம். ஓட்டுநர் பதறிப்போய் பிரேக் போட்டுவிட்டார். ஆடு மாடு ஏதாவது குறுக்கே வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லண்ணே, ஏரி, ஏரி வந்துடுச்சு! அவருக்கு அது வீராணம் ஏரி. எங்களுக்கு வீரநாராயண ஏரி. நாற்பத்தைந்து வயதில், சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, பின்சீட்டில் குலுங்கிக் குலுங்கி வந்த நான் குழந்தை மாதிரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் ஏரிக்கு முன்னால் தியேட்டரைச் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பர் 30, ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம், காலைக் காட்சி. தனியாகத்தான் போனேன். வேறு யாரைக் கூப்பிடுவது? பதின்மூன்று வயதில், முழுப்பரீட்சை லீவில், நூலகத்திலிருந்து ஒவ்வொரு பாகமாக எடுத்துவந்து மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி நிழலில் படித்த கல்கியின் நாவல். மூன்றாம் பாகத்தை யாரோ எடுத்துப்போய் மூன்று வாரம் திருப்பித் தராமல், நான் தினமும் சாயங்காலம் நூலகர் முன்னால் போய் நின்ற கதை. அதைப் பற்றிப் பேச வீட்டிலும் ஆளில்லை, ஆபீஸிலும் ஆளில்லை. “ராஜராஜ சோழன் கதைதானே” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இல்லைங்க, அது ஒரு வரியில் முடிகிற விஷயமில்லைங்க! முப்பது வருஷம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படம் ஓடுகிறது. கார்த்தி வந்தியத்தேவனாகக் குதிரையில் வந்தால் விசில், ஜெயராம் ஆழ்வார்க்கடியானாக வந்தால் சிரிப்பு, திரிஷாவும் ஐஸ்வர்யா ராயும், அதாவது குந்தவையும் நந்தினியும், நேருக்கு நேர் நின்றபோது தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. அப்புறம் கடல் வந்தது. படகு இன்னும் திரையில் வரவில்லை, என்னையும் அறியாமல் “பூங்குழலி” என்று அந்த ஓடக்காரப் பெண்ணின் பேரை முணுமுணுத்தேன். அதே நொடி, அதே மூச்சில், பக்கத்து இருக்கையிலிருந்தும் “பூங்குழலி”! திரும்பிப் பார்த்தேன், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா, கண்ணெல்லாம் ஈரம். பின்வரிசையில் ஒரு கல்லூரிப் பையன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டி, “நீங்களும் படிச்சிருக்கீங்களா?” என்றான். அந்தக் கேள்வியைத்தான் நான் முப்பது வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்து வாகனம் நிறுத்துமிடத்தில் நின்றோம். பத்து நிமிஷம் என்று நினைத்தோம், ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. மூன்று பேர் ஏழானோம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஆரம்பித்தோம், அது இன்றுவரை தீரவில்லை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், சட்டையில் பேனா செருகியவர், 1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் மேஜிக் லாண்டர்ன் குழு இதை நாடகமாகப் போட்டபோது பார்த்தவராம். அதற்குப் பிரதி எழுதிய குமரவேல்தான் இருபது வருஷம் கழித்து மணிரத்னம், ஜெயமோகனோடு சேர்ந்து இந்தப் படத்துக்கும் திரைக்கதை எழுதியிருக்கிறார் என்று அவர் சொல்ல, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எம்.ஜி.ஆர். எடுக்க ஆசைப்பட்டுக் கைகூடாமல் போன படமாயிற்றே! 2023 ஏப்ரல் 28, இரண்டாம் பாகத்துக்கு நாங்கள் பதினான்கு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நாவலில் வரும் மணிமேகலையைப் படத்தில் விட்டுவிட்டார்கள், ஆமாம், அது ஒரு குறைதான். எங்கள் குழுவில் ஒரு சேலத்து அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் ரவி வர்மன் ஒளிப்பதிவில் அந்த வெளிச்சத்தையும் ரஹ்மான் பின்னணி இசையையும் பார்த்துக் கேட்ட பிறகு நான் எதையும் மன்னிப்பேன். தேசிய விருதுக் குழுவே முதல் பாகத்துக்காக அந்த இருவருக்கும் விருது கொடுத்ததே.

அப்புறம்தான் இந்தப் பயணம். கதை எங்கே தொடங்குகிறது? ஆடிப் பதினெட்டாம் பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் ஒரு வாலிபன். நாமும் ஆடியில், அதே கரையில் போய் நிற்க வேண்டாமா?

நின்றோம்! கொஞ்சம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். பதினாலு கிலோமீட்டர் நீளத் தண்ணீர், எதிர்க்கரை பார்த்தால் தெரிகிறது, நீளவாக்கில் பார்த்தால் கண்ணுக்கு எட்டவே இல்லை, மேற்கேயிருந்து வருகிற ஆடிக்காற்று துப்பட்டாவையும் தொப்பியையும் பிடுங்குகிறது, சின்னச் சின்ன அலை கரைக்கல்லில் பளார் பளார் என்று அடிக்கிறது, மூக்கில் சேற்றுவாசம். இந்தக் கரையைப் பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் எழுப்பியிருக்கிறார்கள். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இன்றைக்கும் இங்கேதான் வந்து சேர்கிறது, இங்கிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. 2004இலிருந்து நான் சென்னையில் குடிக்கிற தண்ணீரில் வீரநாராயண ஏரியும் கலந்திருக்கிறது என்று அந்தக் கரையில் நிற்கும்போதுதான் உறைத்தது, உடம்பே ஒரு குலுக்கு குலுக்கியது. வந்தியத்தேவன் வியந்து பார்த்த அந்த எழுபத்து நான்கு கணவாய்களில் ஒன்றாவது கண்ணில் படாதா என்று கல்லூரிப் பையன் ஓடுகிறான், அவன் பின்னால் நாங்கள் எல்லாரும் ஓடுகிறோம், மூட்டுவலி மேலாளரும் ஓடுகிறார், ஒரு மதகு கிடைத்தது, தண்ணீர் சுழித்துக்கொண்டு நுரையோடு பாய்கிறது, “புது வெள்ளம்!” என்று யாரோ கூவ, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அழுதேன். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், வறுத்த அப்பளம், மாவடு. கரையோரப் புளியமர நிழலில் அடுக்கைத் திறந்தபோது, கதையில் வரும் ஜனங்களும் இப்படித்தானே சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சாப்பிட்டுக் கை கழுவியதும் மேலாளர் தன் பையிலிருந்து பழைய வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

அவருடைய அம்மா பைண்டு பண்ணி வைத்த புத்தகம். 1950இலிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. பசையில் பூச்சி அரித்த ஓட்டைகள், ஊசி முனையளவு, இருபது பக்கத்துக்கு நேராக இறங்கியிருக்கின்றன. தாள் காப்பி டிகாக்‌ஷன் நிறம். ஓர் அத்தியாயம் முடிகிற இடத்தில் பாதிப் பக்கத்துக்குத் தலைவலித் தைல விளம்பரம். ஓரத்தில் நீல மையில், பொடி எழுத்தில், பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்த தேதியும் திரும்பி வந்த தேதியும். நடுவில் மணியம் வரைந்த படங்கள்! நந்தினியின் கொண்டை, குந்தவையின் கொண்டை. தமிழ்நாட்டுக்கே அந்தப் பெண்களின் முகம் எப்படியிருக்கும் என்று சொல்லிக்கொடுத்த கோடுகள். கையை வேட்டித் துண்டில் துடைத்துவிட்டுத்தான் தொடலாம் என்று மேலாளர் சட்டம் போட்டார். ஒவ்வொருவராக, கோயில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையால் வாங்கிப் பார்த்தோம். பையன் ஒரு பக்கத்தைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து, “சார், உங்க அம்மாவுக்கு யாரைப் பிடிக்கும்?” என்றான். “பூங்குழலி” என்றார். நானும் அந்தத் தியேட்டர் அக்காவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

சாயங்காலம் காட்டுமன்னார்கோவில். வீரநாராயணப் பெருமாளைச் சேவித்தோம், ஆழ்வார்க்கடியான் நின்று வாதாடிய ஊராயிற்றே. அங்கிருந்து உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். இங்கேதான், ஐயோ, இதை எப்படிச் சொல்வேன், இங்கேதான் கருவறையின் வெளிச்சுவரில் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்துகள் பற்றிய ஆணை. எங்களோடு வந்த தமிழாசிரியை செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினார். சோமன். பரமேசுவரன். ரவிதாசன். ரவிதாசன்! பதின்மூன்று வயதில் போர்வைக்குள் என்னை நடுங்கவைத்த ரவிதாசன் கல்கியின் கற்பனை இல்லை, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு சிற்றுளி அவன் பேரைத் தட்டித் தட்டி இறக்கியிருக்கிறது, கல் இன்னும் பகல்சூடு ஆறாமல் கதகதவென்று இருந்தது, வௌவால் வாசம், விளக்கெண்ணெய்ப் புகை, யாரும் பேசவில்லை, வேனில் ஆறு மணி நேரம் வாய் மூடாத பதினான்கு பேரும் பேசவில்லை, குருக்கள் மணியடித்த பிறகுதான் எங்களுக்கு உயிரே வந்தது. வெளியே வந்ததும் கொன்றது யார் என்ற பழைய சண்டையை உடனே ஆரம்பித்துவிட்டோம். பேர் தெரிந்தாயிற்று, ஆனால் யார் தூண்டியது? திண்டிவனம் தாண்டும்வரை ஓயவில்லை.

அடுத்து கோடிக்கரை. குழகர் கோயில், பூங்குழலியின் கடல், இரண்டு நாள். பனி விட்டதும் கிளம்புகிறோம், வேனில் இன்னும் இரண்டு இடம் காலி. நீங்கள் முதல் பாகம் மட்டுமாவது படித்திருந்தால் போதும், மீதியை வழியில் நாங்களே சொல்லிவிடுவோம்.