மலைத்தேன் பூசிய பன்றிக்கறி

சீனாவின் குவாங்டொங் சமையலில் வரும் சார் சியூ என்னும் சுட்ட பன்றிக்கறி, ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் செக்கச்செவேலென்று கொக்கியில் தொங்கும். அதைச் சின்னசேலத்து வீட்டிலேயே அருமையாகச் செய்யலாம்.

கறியில் தோள்பட்டைப் பகுதிதான் சரி. சதைக்கு நடுவே கொழுப்பு ஓடியிருக்கும். வெறும் சதை வறண்டுவிடும். இரண்டு அங்குலக் கனத்தில் நீளவாக்கில் வெட்டி, சோயா சாஸ், வெல்லம், பூண்டு, ஐந்து மசாலாப் பொடி போட்டுப் பிசறி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவிட வேண்டும். அந்த ஐந்தில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு நான்கும் நம் பிரியாணிச் சாமான். சிச்சுவான் மிளகுக்குப் பதில் நம் மிளகு போதும். நாக்கு மரத்துப்போகும் அந்தக் குறுகுறுப்பு மட்டும் வராது. சிவப்புக்காகக் கலர்ப் பொடி வேண்டவே வேண்டாம். வெல்லம் தரும் பழுப்பே அழகு.

ஓவனை 200 டிகிரியில் வைத்து, கறியைக் கம்பித் தட்டில் பரப்பி, கீழ்த்தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். சொட்டும் கொழுப்பு புகையாது.

தேனில்தான் விஷயமே இருக்கிறது. முதலிலேயே பூசினால் கறி வேகுமுன் தேன் கருகிவிடும். கடைசிப் பத்து நிமிடத்தில், திருப்பித் திருப்பி இரண்டு மூன்று முறை பூச வேண்டும். நுரைத்து, பளபளத்து, ஓரங்கள் மட்டும் கருக்கும். சீனர்கள் மால்ட்டோஸ் பாகு பூசுவதுண்டு. எனக்குக் கல்வராயன் மலைத்தேன்தான் ஒசத்தி. இனிப்போடு வரும் அதன் லேசான கசப்பு கொழுப்புக்கு அப்படி ஒத்துப்போகிறது.

கறியின் நடுவில் 71 டிகிரி வந்ததும் எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே அரியுங்கள். கீழ்த்தட்டில் சேர்ந்த சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் சுடுசோற்றுக்கு வேறு குழம்பே வேண்டாம்.