மேக உட்கட்டமைப்பை நிரலாக எழுதும் திறமூலக் கருவிகள்: ஓர் ஒப்பாய்வு

மேகக் கணிமையில் சேவையகம், வலையமைப்பு, தரவுத்தளம், சேமிப்பகம் போன்றவற்றை உலாவியில் ஒவ்வொன்றாகச் சொடுக்கி அமைக்கலாம். அதற்கு மாற்றாக, வேண்டியவற்றை உரைக் கோப்பில் எழுதி, ஒரு கருவியைக் கொண்டு உருவாக்கும் முறை 'நிரலாக உட்கட்டமைப்பு' எனப்படுகிறது. தொழில்துறையில் இது 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் கோட்' என்ற பெயரில் வழங்குகிறது. டெர்ராஃபார்ம், ஓப்பன்டோஃபு, புலுமி, ஆன்சிபிள், கிராஸ்பிளேன் ஆகியவை இம்முறைக்கான கருவிகள். இவற்றுள் டெர்ராஃபார்ம் 2023 முதல் திறமூல மென்பொருள் அன்று. ஆயினும் மற்றவை அதனோடு ஒப்பிட்டே பேசப்படுவதால் இங்குச் சேர்க்கப்பட்டுள்ளது.

ஒப்பீட்டின் அளவுகோல்

இக்கருவிகளைப் பற்றிய ஒப்பீடுகள் பெரும்பாலும் மொழியின் எளிமை, ஆதரிக்கும் மேகச் சேவைகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டோடு நின்றுவிடுகின்றன. இவை தேவையான தகவல்களே. ஆனால் போதுமானவை அல்ல. இதற்குச் செங்கல்பட்டு மாவட்டமே நல்ல எடுத்துக்காட்டு.

சென்னையில் தொடங்கி மாமல்லபுரம் வரை செல்லும் இராசீவ் காந்தி சாலையை ஒட்டிச் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்துள்ளது. மென்பொருள் நிறுவனங்களோடு அதானிகனெக்ஸ், சிஃபி ஆகியவற்றின் தரவு மையங்களும் அங்கு உள்ளன. மைக்ரோசாப்ட் அசூரின் 'தென்னிந்தியா' வட்டாரம் 2015 முதல் சென்னையில் இயங்குகிறது. இதே கடற்கரை புயல்களின் பாதையிலும் உள்ளது. 2015 பெருவெள்ளம், 2016 திசம்பர் வர்தா புயல், 2023 திசம்பர் மிக்சாம் புயல் ஆகியவை இப்பகுதியைப் பாதித்தன. மாண்டஸ் புயல் 2022 திசம்பர் 9 இரவில் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது.

எனவே ஒரு கருவியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: சென்னை வட்டாரம் சில நாள்கள் செயலிழந்தால், அசூரில் அதன் இணை வட்டாரமான புனேயில் அதே அமைப்பை எவ்வளவு விரைவாக மீண்டும் எழுப்ப முடியும்? இந்த ஒப்பீடு அக்கேள்வியையே அளவுகோலாகக் கொள்கிறது.

டெர்ராஃபார்மும் ஓப்பன்டோஃபுவும்

டெர்ராஃபார்மை ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. 'எச்.சி.எல்.' என்ற மொழியில், வேண்டிய இறுதி நிலையைப் பயனர் அறிவிக்கிறார். அதை அடையும் வழியைக் கருவி கணக்கிடுகிறது. செயல்படுத்தும் முன்பு எவை உருவாகும், எவை மாறும், எவை அழியும் என்பதைத் திட்டமாகக் காட்டுவது இதன் பெரிய பலம். ஓப்பன்டோஃபு இதிலிருந்து பிரிந்த கிளை. அடிப்படையில் இரண்டின் மொழியும் செயல்முறையும் ஒன்றே.

தான் உருவாக்கியவற்றை இவை 'நிலைக் கோப்பு' ஒன்றில் பதிந்துவைக்கின்றன. இக்கோப்பு தொலைந்தால், இயங்கிக்கொண்டிருக்கும் சேவையகங்களைத் தன்னுடையவை எனக் கருவி அறியாது. இங்குதான் பலரும் தவறுகின்றனர். சென்னையில் உள்ள வளங்களின் நிலைக் கோப்பையும் சென்னைச் சேமிப்பகத்திலேயே வைத்தால், வட்டாரம் முடங்கும்போது இரண்டும் சேர்ந்தே எட்டாமல் போகும்.

மற்றொரு சிக்கல், நிரலில் வட்டாரத்தின் பெயரை மட்டும் மாற்றி இயக்குவது. பெரும்பாலான வளங்களுக்கு வட்டார மாற்றம் என்பது பழையதை அழித்துப் புதியதை உருவாக்குவதாகும். செயலிழந்த வட்டாரத்தைத் தொடர்புகொள்ள முயன்று, கருவி அங்கேயே நின்றுவிடக்கூடும். வட்டாரத்தை மாறியாக எழுதி, சென்னைக்கும் புனேக்கும் தனித்தனி நிலைக் கோப்புகளை முன்கூட்டியே அமைப்பதே பாதுகாப்பான வழி.

நிலைக் கோப்பில் கடவுச்சொற்கள் வெளிப்படையான உரையாகவே பதியக்கூடும் என்பது நெடுநாள் குறை. ஓப்பன்டோஃபு 2024-இல் வெளியான 1.7 பதிப்பில், நிலைக் கோப்பை முழுவதுமாக மறைகுறியாக்கும் வசதியைச் சேர்த்தது. டெர்ராஃபார்ம், சில மதிப்புகளைக் கோப்பில் பதியாமலே விடும் வசதியைப் பின்னர்க் கொண்டுவந்தது. கோப்பை வேறிடத்துக்கு நகலெடுத்து வைக்க வேண்டிய சூழலில், ஓப்பன்டோஃபுவின் அணுகுமுறையே கூடுதல் பயனுடையது.

புலுமி

2018-இல் வெளிவந்த புலுமி, பைத்தான், டைப்ஸ்கிரிப்ட், கோ, சி ஷார்ப், ஜாவா போன்ற பொது நிரலாக்க மொழிகளில் எழுத இடமளிக்கிறது. நிரலாக்கம் அறிந்த மாணவர் புதிய மொழி கற்க வேண்டியதில்லை. சுழற்சி, செயற்கூறு, சோதனை ஆகியவை இயல்பாகவே கிடைக்கின்றன. மறைவான மதிப்புகள் நிலைப்பதிவில் மறைகுறியாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன.

இச்சுதந்திரமே இதன் குறையும் ஆகிறது. எச்.சி.எல். கோப்பைப் படிப்பவர் என்ன உருவாகும் என்பதைப் பெரும்பாலும் நேரடியாகக் காண்பார். பைத்தான் நிரலிலோ அதை எழுதியவரின் சிந்தனைப் போக்கையும் பின்தொடர வேண்டும். நள்ளிரவில் மீட்புப் பணிக்கு அழைக்கப்படுபவர் அந்நிரலை எழுதியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மேலும், நிலைப்பதிவு இயல்பாகப் புலுமி நிறுவனத்தின் சேவையிலேயே சேமிக்கப்படுகிறது. சொந்தச் சேமிப்பகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்வது நல்லது.

ஆன்சிபிள்

2012-இல் தோன்றிய ஆன்சிபிள் முதன்மையாக, ஏற்கெனவே உள்ள சேவையகத்தின் உள்ளே மென்பொருள் நிறுவுவதற்கும் அமைப்புகளை மாற்றுவதற்கும் உரியது. சேவையகத்தில் தனி முகவர் நிரல் எதுவும் தேவையில்லை, எஸ்.எஸ்.எச். இணைப்பும் பைத்தானும் இருந்தால் போதும். சிறிய அலுவலகமோ கல்லூரி ஆய்வகமோ ஒரே நாளில் இதைப் பயன்படுத்தத் தொடங்கலாம்.

இதற்கு நிலைக் கோப்பு இல்லை; ஆகவே அது தொலையும் அச்சமும் இல்லை. ஆனால் நிரலிலிருந்து ஒரு சேவையகத்தை நீக்கினால், ஆன்சிபிள் அதை மேகத்திலிருந்து நீக்காது. அழிக்குமாறு தனியே கட்டளையிட வேண்டும். மறக்கப்பட்ட சேவையகத்துக்கு மாதந்தோறும் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். மேக வளங்களை உருவாக்கும் தனிக் கருவியாக இதைப் பரிந்துரைப்பது பொருத்தமன்று.

கிராஸ்பிளேன்

கிராஸ்பிளேன் குபெர்னெட்டிஸ் தொகுதிக்குள் இயங்குகிறது. அறிவித்த நிலையையும் உண்மை நிலையையும் இடைவிடாமல் ஒப்பிட்டு, யாரேனும் கையால் மாற்றியிருந்தாலும் தானே திருத்துகிறது. மற்ற கருவிகள் இயக்கும்போது மட்டுமே இதைச் செய்கின்றன.

புயல் அளவுகோலில் இதன் பலவீனம் வெளிப்படுகிறது. கட்டுப்படுத்தும் தொகுதி சென்னையிலேயே இருந்தால், மீட்க வேண்டிய கருவியே முதலில் மீட்கப்பட வேண்டியதாகிவிடும். அத்தொகுதியை வேறு வட்டாரத்தில் வைத்துப் பராமரிக்கக்கூடிய குழுக்களுக்கே இது ஏற்றது. குபெர்னெட்டிஸ் தெரியாத தொடக்கநிலை மாணவர்களுக்கு இது சுமையாகும்.

உரிமச் சிக்கல்

டெர்ராஃபார்ம் தொடக்கத்தில் மொசில்லா பொது உரிமத்தில் வெளியானது. 2023 ஆகத்தில் ஹாஷிகார்ப் அதை 'பிசினஸ் சோர்ஸ்' உரிமத்துக்கு மாற்றியது. நிறுவனங்கள் தமக்குள் பயன்படுத்தத் தடையில்லை. ஹாஷிகார்ப்புடன் போட்டியிடும் சேவைகளை உருவாக்கவே தடை. இதை ஏற்காதவர்கள் பழைய உரிமத்தில் இருந்த நிரலிலிருந்து ஓப்பன்டோஃபுவைத் தொடங்கினர். அது 2023 செப்டம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தது; முதல் நிலையான பதிப்பு 2024 சனவரியில் வெளியானது. ஹாஷிகார்ப்பை ஐ.பி.எம். வாங்கும் பணி 2025 பெப்ரவரியில் நிறைவுற்றது. ஆன்சிபிளை வைத்திருக்கும் ரெட் ஹேட்டும் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்ததே.

இதன் பாடம், உரிமத்தோடு உரிமையாளரையும் பார்க்க வேண்டும் என்பதாகும். ஆன்சிபிள் குனூ பொது உரிமத்திலும், புலுமியும் கிராஸ்பிளேனும் அப்பாச்சி உரிமத்திலும் உள்ளன. ஆனால் புலுமியின் வளர்ச்சி ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஓப்பன்டோஃபுவும் கிராஸ்பிளேனும் அறக்கட்டளைகளின் கீழ் இருப்பதால், ஒரு நிறுவனம் மட்டும் முடிவெடுத்து அவற்றின் உரிமத்தை மாற்றுவது கடினம்.

பொதுவான குறைகள்

ஒருமுறை எழுதினால் எந்த மேகத்திலும் இயங்கும் என்ற எண்ணம் இக்கருவிகளைப் பற்றிப் பரவலாக உள்ளது, அது சரியன்று. மொழி பொதுவானது, வளங்கள் பொதுவானவை அல்ல. அசூருக்கு எழுதிய வலையமைப்பு வரையறையை அமேசானின் மும்பை வட்டாரத்துக்குக் கொண்டுசெல்ல, ஏறக்குறைய முழுவதையும் மீண்டும் எழுத வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரு வட்டாரங்களுக்கு இடையேகூடச் சேவையக வகைகள் வேறுபடலாம்.

தரவு, நிரலில் இல்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. இக்கருவிகள் வெறுமையான தரவுத்தளத்தை மட்டுமே மீண்டும் உருவாக்கும். உள்ளே இருந்த பதிவுகளுக்குத் தனிக் காப்புநகல் வேண்டும்.

மதிப்பீடு

புதிதாகக் கற்பவருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் மேக வளங்களை உருவாக்க ஓப்பன்டோஃபு, சேவையகத்தின் உட்பகுதியை அமைக்க ஆன்சிபிள் என்ற இணையே ஏற்றது. வேலைவாய்ப்பில் டெர்ராஃபார்ம் கேட்கப்பட்டாலும், இரண்டின் மொழியும் ஒன்றே என்பதால் கற்றது வீணாகாது. நிரலாளர்கள் மிகுந்த, நிரலை ஒழுங்காகச் சோதிக்கும் குழுவுக்குப் புலுமி பொருந்தும். குபெர்னெட்டிஸ் ஏற்கெனவே நன்கு இயங்கும் பெரிய அமைப்புகளுக்குக் கிராஸ்பிளேன் பொருந்தும்.

எக்கருவியைத் தேர்ந்தாலும், புனேயில் அமைப்பை உண்மையிலேயே எழுப்பிப் பார்த்து, பின் அழிக்கும் ஒத்திகையை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே நடத்துவது நல்லது. நிரலில் விடுபட்டவை, உலாவியில் கையால் செய்து மறந்த மாற்றங்கள், எட்டாத இடத்தில் இருக்கும் நிலைக் கோப்பு ஆகியவை அந்த ஒத்திகையில்தான் தெரியவரும்.